செயலி போயாச்சு, ஃபோல்டர் போகலை

மதுரை அண்ணா நகரில் கல்யாண போட்டோ எடுக்கும் நண்பர் ஒருவர், மாடிப்படிக்குக் கீழே பழைய டெஸ்க்டாப் ஒன்றை சர்வராக ஓடவிட்டிருக்கிறார். தூசிக்குப் பயந்து மேலே ஒரு துண்டு போர்த்தியிருப்பார். சூடாகும், எடுங்கள் என்றால் கேட்பதில்லை. “நெக்ஸ்ட்கிளவுடைத் தூக்கி ரெண்டு வருஷமாச்சு, டிஸ்க்கு இன்னும் ரொம்பியே கெடக்கே” என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், கோப்புகளைச் சொந்த சர்வரில் சேமித்துப் பகிர உதவும் அந்தச் செயலி இல்லை, அதன் ஃபோல்டர் அப்படியே இருந்தது. உள்ளே மணமகள் அறையில் எடுத்த படங்கள், வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்கள். கான்ஃபிக் கோப்பைத் திறந்தால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்பட்டமாகத் தெரிகிறது. ஸ்டுடியோ இமெயிலுக்கும் இன்றுவரை அதே பாஸ்வேர்டுதான்.

இதில் அவர் தப்பு பாதிதான். உபுண்டுவில் ‘ரிமூவ்’ கொடுத்தால் நிரல் மட்டும் போகும். ‘பர்ஜ்’ கொடுத்தால் கான்ஃபிக் கோப்புகளும் சேர்ந்து போகும். நீங்கள் ஏற்றிய படங்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் அசையாது. டாக்கரில் கன்டெய்னரை அழித்தாலும், பெயர் வைத்த வால்யூம் டிஸ்க்கில்தான் இருக்கும். தெரியாமல் தரவை இழந்துவிடக் கூடாதென்று வேண்டுமென்றே இப்படிச் செய்திருக்கிறார்கள்.

இடம் அடைப்பது சின்னத் தொல்லை. வெப் சர்வரின் கண்ணில் படும் இடத்தில் பழைய பிஎச்பி கோப்புகள் கிடந்தால், அப்டேட் இல்லாத அந்தக் கோப்புகளை வெளியிலிருந்து ஒருவர் இயக்கிவிடலாம். கவனிப்பாரற்றுக் கிடக்கும் மென்பொருள் என்ன செய்யும் என்பதை 2021 ஜூனில் உலகம் பார்த்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை புக் லைவ்’ என்ற, இணையத்தோடு இணைக்கும் சேமிப்புப் பெட்டிகளுக்கு 2015-க்குப் பிறகு அப்டேட்டே கிடையாது. ஃபேக்டரி ரீசெட்டுக்கு முன் பாஸ்வேர்டு கேட்கும் வரிகளும் அவற்றில் முடக்கப்பட்டிருந்தன. வெளியிலிருந்து யாரோ அந்த ரீசெட்டைத் தட்டிவிட, பல வீடுகளில் வருஷக்கணக்கான படங்கள் ஒரே நாளில் காணாமல் போயின.

சட்டம் என்ன சொல்கிறது? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குடும்பத் தேவைக்காக ஒருவர் வைத்திருக்கும் தரவைத் தொடுவதில்லை. சித்திரைத் திருவிழாவில் எடுத்த வீட்டுப் படங்களுக்குப் பயம் வேண்டாம். அதே பெட்டியில் ஸ்டுடியோ, டியூஷன், சீட்டுக் கணக்கு ஏறிவிட்டால் கதை வேறு. வேலை முடிந்த தரவை அழிப்பது வைத்திருப்பவரின் கடமை. அழிக்கச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. அதற்காக, வாடிக்கையாளராக நீங்கள் இப்போதே அழிக்கச் சொல்லிக் கேட்கக் கூடாதென்று இல்லை. எழுத்தில் கேளுங்கள், ‘பேக்கப்பிலும் அழியுங்கள்’ என்று சேர்த்தே எழுதுங்கள். அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

படம் கசிந்து மிரட்டல் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியலாம். பணம் பறிபோனால் உடனே 1930. நேரில் போவதானால் மதுரை மாநகரத்துக்கு ஒரு சைபர் கிரைம் காவல் நிலையம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்தாருக்கு மாவட்டக் காவல்துறையின் நிலையம் தனி.

இனி உங்கள் சர்வருக்கு வருவோம். பழைய ஃபோல்டரைக் கண்டதும் அழிக்கக் கை பரபரக்கும். பொறுங்கள். வேறு எந்தச் செயலியாவது அதைப் பயன்படுத்துகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு நகல் எடுத்துவிட்டு, பெயரை மட்டும் மாற்றி, வெப் சர்வருக்கு எட்டாத இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். அதற்குள் எதுவும் முரண்டு பிடிக்கவில்லை என்றால் அழிக்கலாம், எடுத்த நகலையும் சேர்த்து. பழைய பாஸ்வேர்டை மட்டும் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்; ரவுட்டரில் அந்தச் செயலிக்காகத் திறந்த போர்ட்டையும் மூட வேண்டும்.

நண்பர் வீட்டில் அப்படிப் பெயர் மாற்றி வைத்த நாலாம் நாள், திருமங்கலத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் ஆல்பம் இன்னொரு பிரதி கேட்டு வந்து நின்றார்கள். படங்கள் இருந்தது அந்த ஒரே ஃபோல்டரில்தான்.