தானியக் கிடங்குக்குள் இறங்குமுன் ஒரு கையெழுத்து

பெங்களூரின் வடமேற்கே, தும்கூர் சாலையை ஒட்டி விரிந்து கிடக்கிறது பீன்யா தொழிற்பேட்டை. லேத் பட்டறை, வார்ப்படம், பவுடர் கோட்டிங், உதிரிப்பாகம் என்று சின்னதும் பெரியதுமாய் ஆயிரக்கணக்கான ஷெட்டுகள். தாவணகெரே பக்கத்து மக்காச்சோள லாரிகள் யஷ்வந்தபுரம் சந்தைக்குப் போவதும் இதே சாலையில்தான். பிரஸ் மெஷினில் கை வைத்தால் கை போய்விடும் என்பது பீன்யாவில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் தெரியும். தானியத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. களத்தில் காலால் துழாவிக் காயவைத்த நெல், பத்தாயத்தில் கொட்டி வைத்த கம்பு என்றே நம் மனம் அதை அறிந்திருக்கிறது.

ஆனால் 2023 டிசம்பர் 4ஆம் தேதி, இதே மாநிலத்தின் விஜயபுரா நகரில், ஒரு மக்காச்சோள ஆலையின் சேமிப்பு அமைப்பு சரிந்து விழுந்தது. டன் கணக்கான சோளத்தின் அடியில் தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டார்கள். இரவெல்லாம் தோண்டியும் 7 பேரை உயிரோடு மீட்க முடியவில்லை. அத்தனை பேரும் பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

தானியக் கிடங்குகளுக்கும் மாவு மில்களுக்கும் பாதுகாப்பு விதிகள் ஏராளம். பர்மிட், பதிவேடு, சான்று, கையெழுத்து என்று காகிதமும் நிறைய. அதெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்ற எண்ணம் முதலாளிக்கும் உண்டு, தொழிலாளிக்கும் உண்டு. அந்தக் காகிதத்தின் ஒவ்வொரு வரியையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இயற்பியலும் வேதியியலும்தான். நம் கண் காட்டிக்கொடுக்காத ஆபத்துகளை அந்த வரிகள் வரிசையாகக் கேட்கின்றன.

நிற்கும், ஓடும்

தானியக் குவியல் திடப்பொருளா, திரவமா? ஏறி நின்றால் தாங்குகிறது. அடியில் வாயைத் திறந்தால் ஓடுகிறது. இரண்டு குணமும் ஒரே பொருளுக்குள் இருப்பதுதான் இதன் விந்தை.

தண்ணீர்த் தொட்டியில் உயரம் கூடக் கூட அடியில் அழுத்தமும் கூடிக்கொண்டே போகும். தானியம் நிரப்பிய உயரமான சைலோவில் அப்படி நடப்பதில்லை. ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் அடித்தளத்தின் அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நின்றுவிடுகிறது. ஜெர்மானியப் பொறியாளர் யான்சென் 1895இல் இதைச் சோதனை செய்து கணக்காகவே எழுதிக் காட்டினார். மணிகள் ஒன்றோடொன்று முட்டி எடையைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன. சுவர் அதை உராய்வால் பிடித்துக்கொள்கிறது. ஆக, சைலோவில் பெரும் பாரத்தைச் சுமப்பது சுவர்தான். ஓரத்து வாயை மட்டும் திறந்து தானியத்தை இறக்கினால் பாரம் ஒருபக்கமாகச் சாய்ந்து, கனமான இரும்புச் சுவரும் மடங்கிவிடக்கூடும். எந்த வாயை முதலில் திறப்பது, எவ்வளவு உயரம் வரை நிரப்பலாம் என்று எழுதி ஒட்டியிருக்கும் அட்டைக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

சுவரில் ஒட்டிய தானியத்தைத் தட்டிவிட ஒருவர் உள்ளே இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் அடிவாய் திறந்திருந்தால் சில நொடிகளில் முழங்கால் புதையும். அரை நிமிடத்துக்குள் தலையும் மறைந்துவிடும். மார்பளவு புதைந்தவருக்கு மூச்சே எதிரியாகிறது. மூச்சை வெளியே விட்டதும் மார்பு சுருங்கிய இடத்தில் மணிகள் வந்து நிறைந்துவிடுகின்றன. அடுத்த மூச்சுக்கு மார்பு விரிய இடமில்லை. கயிறு கட்டி இழுத்தாலும் பலன் இருக்காது. முழுதும் புதைந்தவரை இழுக்க அவர் எடையைப்போலப் பல மடங்கு விசை வேண்டும், அதற்குள் முதுகெலும்பு முறிந்துவிடலாம். பயிற்சி பெற்ற மீட்புக்குழு அவரைச் சுற்றித் தகடுகளை வளையமாக இறக்கி, உள்ளிருக்கும் தானியத்தை மட்டும் அள்ளியெடுத்து விடுவிக்கிறது.

இன்னொரு பொறியும் உண்டு. ஈரம் பட்ட தானியம் பூஞ்சணம் பிடித்து மேலே ஓடுபோல இறுகிவிடும். அடியில் தானியம் இறங்கியபின் அந்த ஓட்டுக்குக் கீழே வெற்றிடம் உண்டாகும். மேலிருந்து பார்ப்பவருக்கு நிறைந்த கிடங்காகவே தெரியும். கால் வைத்தால் உடையும்.

அதனால்தான் உள்ளே இறங்குவதற்கான பர்மிட்டின் முதல் கேள்வி இப்படி இருக்கிறது: அடிவாய் அடைத்தாயிற்றா? மோட்டாரின் மெயின் சுவிட்சைப் பூட்டியாயிற்றா? சாவி யாரிடம்? சாவி உள்ளே இறங்குபவரின் இடுப்பில் இருக்க வேண்டும். சூப்பர்வைசரின் மேசையில் இருந்தால் போதாது.

மூச்சு விடும் தானியம்

அறுவடை ஆனபிறகும் தானியம் உயிரோடுதான் இருக்கிறது. ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை விடுகிறது, கொஞ்சம் வெப்பத்தையும் விடுகிறது. ஈரப்பதம் சுமார் 14 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்த மூச்சு மிக மெல்லியது. ஈரம் ஏற ஏற மூச்சும் வேகமெடுக்கும், பூஞ்சணமும் பூச்சியும் சேர்ந்துகொள்ளும், மூடிய கிடங்கின் காற்று கெட்டுப்போகும். வட கர்நாடகத்தில் சோளம் சேமிக்க ‘ஹகேவு’ என்ற நிலவறைகள் உண்டு. வாயைத் திறந்ததும் யாரும் இறங்குவதில்லை, காற்றாட விட்டுவைத்த பிறகே இறங்குவார்கள். நம் ஊரில் கிணறு தூர்வார இறங்குபவர்கள் முதலில் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்கக் கூடாது என்று பொருள்.

அனுபவம் கொடுத்த அறிவு அது, மதிக்கத்தக்கது. இன்றைய கிடங்குக்கு அது போதாது என்பதையும் சொல்ல வேண்டும். காற்றில் ஆக்சிஜன் இயல்பாக 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலே உள்ளே இறங்கக் கூடாது என்கின்றன பாதுகாப்பு விதிகள். விளக்கு அணைவதற்கு ஆக்சிஜன் இன்னும் வெகுவாகக் குறைய வேண்டும். வண்டு புழு கொல்ல மூட்டைகளுக்கு இடையே வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவை விடுகிறது. 3 கிராம் மாத்திரையிலிருந்து 1 கிராம் வாயு. உயிரைக் குடிக்கும் அளவில் அது இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மாவுத்தூள் மிதக்கும் இடத்தில் அந்த விளக்கே வெடிக்குத் திரியாகிவிடும். எனவே கருவி வேண்டும், அளவு வேண்டும், அளந்த நேரமும் வேண்டும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 36ஆம் பிரிவு இதைத்தான் சொன்னது. நச்சுக்காற்று இருக்கக்கூடிய அடைபட்ட இடத்துக்குள் ஒருவரை அனுப்ப வேண்டுமானால், தகுதியுள்ளவர் தானே சோதித்துப் பார்த்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கயிறு கட்டியிருக்க வேண்டும், அதன் மறுமுனை வெளியே நிற்கும் ஒருவர் கையில் இருக்க வேண்டும். ஒன்று காகிதம், இல்லையேல் கயிறு! காகிதத்தைக் கயிற்றுக்கு நிகராக வைத்தது அந்தச் சட்டம். பொய்ச்சான்று எழுதுபவர் இன்னொருவரின் கயிற்றை அறுக்கிறார் என்றே நான் நினைக்கிறேன்.

வெளியே நிற்பவருக்கும் ஒரு விதி: பதறி உள்ளே குதிக்கக் கூடாது. கழிவுநீர்த் தொட்டிகளில் ஒருவரைக் காப்பாற்ற அடுத்தவர், அவரைக் காப்பாற்ற மூன்றாமவர் என்று இறந்த செய்திகளை எத்தனை முறை படித்துவிட்டோம்.

ஒரு மில்லிமீட்டர் தூசி

1785 டிசம்பர் 14ஆம் தேதி, இத்தாலியின் தூரின் நகரில் ஒரு மாவுக் கிடங்கு வெடித்தது. விளக்கு வெளிச்சத்தில் ஒரு பையன் மாவு தள்ளிக்கொண்டிருந்தான். மாவு சரிந்து புகைபோல எழும்பியது, விளக்கின் சுடர் அதைப் பற்றிக்கொண்டது. மொரோட்ஸோ பிரபு இதை ஆராய்ந்து எழுதிய அறிக்கை, தூசி வெடிப்பைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பதிவுகளில் ஒன்று.

மாவு ஏன் வெடிக்கிறது? ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 0.1 மில்லிமீட்டர் துகள்களாக நறுக்கினால் 600 சதுர சென்டிமீட்டர். நூறு மடங்கு பரப்பில் காற்று தொடுகிறது. நிதானமாய் எரிய வேண்டியது கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்து, அடைபட்ட அறையில் அழுத்தமாய் மாறிவிடுகிறது. ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 50 கிராம் தூசி மிதந்தாலே கோதுமை மாவு வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும்.

அவ்வளவு தூசி காற்றில் இருந்தால் எதிரே நிற்பவர் முகம்கூடத் தெரியாதே, அங்கே யார் வேலை செய்வார்கள் என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஆபத்து காற்றில் மிதப்பதைவிடத் தரையிலும் உத்தரத்திலும் படிந்து கிடப்பதில்தான் அதிகம். 5 மீட்டர் உயர அறையின் தரையில் 1 மில்லிமீட்டர் கனத்துக்கு மாவுத்தூசி படிந்திருப்பதாகக் கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் அதன் எடை ஏறத்தாழ அரைக் கிலோ. எங்கோ தானியத்தை மேலேற்றும் ஒரு பக்கெட் எலிவேட்டருக்குள் பெல்ட் வழுக்கிச் சூடேறிச் சின்ன வெடிப்பு நேர்கிறது. அந்த அதிர்வில் தரைத் தூசி முழுவதும் எழும்பினால் கனமீட்டருக்கு 100 கிராம். கட்டடத்தை வீழ்த்துவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வெடிப்புதான். விரலால் கோடு போடக்கூடிய அந்தப் படலம் பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் அழுக்கு.

1878இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஒரு மாபெரும் மாவு ஆலை இப்படி வெடித்து 18 பேர் இறந்தார்கள். 1977 டிசம்பர் 22இல் லூசியானாவின் வெஸ்ட்வேகோ தானியக் கிடங்கில் 36 பேர். அதற்கு ஐந்தே நாளில் டெக்சஸின் கால்வெஸ்டனில் இன்னொரு வெடிப்பு. இவற்றுக்குப் பத்தாண்டு கழித்து, 1987 இறுதியில் அந்த நாடு தானியக் கிடங்குகளுக்கென்றே தனி விதி வகுத்தது. முக்கியமான இடங்களில் தூசி 3.2 மில்லிமீட்டரைத் தாண்டினால் உடனே அகற்ற வேண்டும், சுத்தம் செய்யும் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும், உள்ளே இறங்கவும் வெல்டிங் செய்யவும் தனித்தனிப் பர்மிட் வேண்டும். 2003இல் அந்த விதியை மறுஆய்வு செய்தபோது, வெடிப்பில் இறப்பவர் எண்ணிக்கை சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது. காகிதம் உயிரைக் காக்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நம் 1948 சட்டத்தின் 37ஆம் பிரிவும் தூசி எழும் இயந்திரத்தை மூடி வைக்கவும், தூசியைச் சேரவிடாமல் அகற்றவும், தீப்பொறியை நெருங்கவிடாமல் தடுக்கவும் கட்டளையிட்டது. எரியக்கூடிய பொருள் இருந்த கலத்தை முழுக்கச் சுத்தம் செய்யாமல் வெல்டிங் செய்வதைத் தடுத்தது.

இந்த இடத்தில்தான் பீன்யா வருகிறது. மில்லில் எலிவேட்டர் பழுதானால் அதைச் சரிசெய்ய வருபவர் இப்படிப்பட்ட தொழிற்பேட்டையின் வெல்டர். அவருக்கு இரும்பு தெரியும், மாவின் குணம் தெரிய வாய்ப்பில்லை. மில்காரருக்கு மாவு தெரியும், ஒரு தீப்பொறி எவ்வளவு தூரம் தெறிக்கும் என்பது தெரியாது. இரண்டு பேரின் அறிவும் சந்திக்கும் ஒரே இடம் அந்த வெல்டிங் பர்மிட். பீன்யாவின் பவுடர் கோட்டிங் ஷெட்டுகளுக்கும் இது பொருந்தும். அங்கே தெளிக்கும் பெயின்ட் தூளும் மாவைப் போலவே காற்றில் மிதந்து வெடிக்கக்கூடியது.

யார் படிப்பதற்கு இந்தக் காகிதம்?

1948 சட்டத்தின் இடத்தில் இப்போது புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21இல் அது நடைமுறைக்கு வந்தது. பிரிவு எண்கள் மாறும், படிவங்கள் கணினிக்குப் போகும். தானியத்தின் குணம் மாறப்போவதில்லை.

பழைய சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. தொழிற்சாலையில் ஒட்டும் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது அது. பெங்களூரின் ஒரு ஷெட்டில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் ஒரே ஷிப்டில் வேலை செய்கின்றன. ஒரு மொழியில் ஒட்டிய தாள் மற்ற நால்வருக்குச் சுவரோடு சுவர். அதனால் பர்மிட்டை அலுவலக மேசையில் நிரப்பக் கூடாது. கிடங்கின் வாயருகே நின்று, இறங்குபவரின் மொழியில் உரக்கப் படிக்க வேண்டும். எந்த வாய் அடைத்திருக்கிறது, ஆக்சிஜன் எவ்வளவு, எத்தனை மணிக்கு அளந்தது, மருந்து வைத்து எத்தனை நாள் ஆயிற்று, கயிற்றைப் பிடிப்பவர் பெயர் என்ன, இந்தப் பர்மிட் எத்தனை மணி வரை செல்லும். இதைக் கேட்டு முடிக்க ஐந்து நிமிடம் போதும். ஒரு கேள்விக்குப் பதில் இல்லையென்றாலும் இறங்க மாட்டேன் என்று சொல்ல ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உரிமை இருக்க வேண்டும், அப்படிச் சொன்னதற்காக அன்றைய கூலி போகக் கூடாது. இந்த இரண்டும் இல்லாத இடத்தில் பதிவேடு எத்தனை தடிமனாக இருந்தாலும் பயனில்லை.