மண் குதிரைக்கு சேணம் பூட்டுவது எப்படி?

புதுக்கோட்டை மாவட்டம் நமணசமுத்திரம் அய்யனார் கோயிலில் வரிசையாக நிற்கும் மண் குதிரைகளை போட்டோ எடுத்திருப்பீங்க. அடுத்த முறை கொஞ்சம் ஜூம் பண்ணிப் பாருங்க. கடிவாளம், சேணம், கழுத்து மணி எல்லாமே இருக்கும். தோலோ கயிறோ கிடையாது, அத்தனையும் மண்.

யார் செய்றாங்க?
வேளார் குடும்பங்கள். ஊர்க்காரர்கள் பிடிமண் கொடுத்ததும் வேலை ஆரம்பம். பரம்பரைத் தொழில் என்பதால் வீட்டில் பலர் கையும் இதில் படும்.

எப்போ ஒட்டணும்?
இதுதான் சூட்சுமம். குதிரையின் உடம்பு உள்ளே கூடாக இருக்கும். அது ஈரம் காயும் முன்பே பட்டையையும் மணியையும் ஒட்டிவிட வேண்டும். உடம்பு காய்ந்தபின் ஈர மண்ணை ஒட்டினால், அது மட்டும் தனியாகச் சுருங்கி விரிசல் விடும். சூளையில் கழன்றும் விழலாம்.

இப்போ என்ன சிக்கல்?
பல ஊர்களில் சிமென்ட் குதிரை வந்துவிட்டது. மழைக்குக் கரையாது, லேசில் உடையாது. நல்லதுதானே? ஆனால் மண் குதிரை சிதைந்தால்தான் அடுத்த புரவி எடுப்புக்குப் புதுசு வேண்டும். புதுசு செய்தால்தான் அந்த ஈரப் பக்குவம் அடுத்த தலைமுறையின் விரலுக்குப் போகும். குதிரை நிலைத்துவிட்டால், கை மறந்துவிடும்.