போர் தண்ணி, கொசு மருந்து, மே மாத வெயில்... தாம்பரம் வீட்டில் செர்ரி இறால் வளர்க்கலாமா?

"அண்ணே, போன வாரம் பத்து வாங்கிட்டுப் போனேன். நாலே நாள்ல எல்லாம் போயிடுச்சு."

"தண்ணி என்ன தண்ணி ஊத்துனீங்க தம்பி?"

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் இருக்கும் வண்ண மீன் கடைகளில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது. தம்பியின் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். "வீட்டு போர் தண்ணிதான்" அல்லது "நல்ல தண்ணிதான் அண்ணே, கேன் தண்ணி." இரண்டுமே இறாலுக்கு ஆகாது என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

இறால் என்றாலே நமக்கு காசிமேட்டு இறாலும் கருவாட்டுக் கடை சென்னாக்கூனியும்தான் நினைவுக்கு வரும். வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது வேறு ரகம். இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளராத நன்னீர் இறால். சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு, கறுப்பு எனப் பல நிறங்களில் கிடைக்கிறது. கண்ணாடியில் படியும் பாசியையும் மீதமான இரையையும் நாள் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்கும். சத்தம் போடாது, வாடை வராது, குழந்தைகள் மணிக்கணக்கில் வேடிக்கை பார்ப்பார்கள். ஆனால் தங்க மீனை வாங்கியதும் தொட்டியில் விடுவதுபோல இதை விட்டால் கதை முடிந்தது.

எதை வாங்குவது?

தென் சென்னை வெயிலுக்கும் தண்ணீருக்கும் ஒத்துவரும் முதல் தேர்வு 'செர்ரி இறால்'. விலங்கியல் பெயர் நியோகாரிடினா டேவிடி. சீனா, தைவான் பக்கத்து ஓடைகளைச் சேர்ந்த இந்த இனம் இயற்கையில் பழுப்பும் பச்சையும் கலந்த மங்கல் நிறம்தான். சிவப்பாகப் பிறந்தவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து இனம் சேர்த்து உருவாக்கியதுதான் 'ரெட் செர்ரி'. கடைகளில் கேட்கும் சகுரா, ஃபயர் ரெட், மஞ்சள், நீல வகைகள் எல்லாம் இதே இனத்தின் நிறங்கள்தான். புதிதாகத் தொடங்குபவர்கள் விலை குறைந்த சாதாரணச் சிவப்பையே வாங்கலாம். பாடம் கற்கும்போது நஷ்டமும் குறையும்.

'கிரிஸ்டல் ரெட்' என்று சிவப்பு வெள்ளைப் பட்டையுடன் ஒன்று இருக்கிறது. 1990-களில் ஜப்பானைச் சேர்ந்த ஹிசயாசு சுசுகி, கறுப்பு வெள்ளை இறால் கூட்டத்தில் தற்செயலாகத் தோன்றிய சிவப்பு இறாலிலிருந்து வளர்த்தெடுத்த வகை. பார்க்க அத்தனை அழகு. ஆனால் அதற்குக் குளிர்ந்த, உப்புக் குறைந்த, லேசான அமிலத்தன்மை உள்ள தண்ணீர் வேண்டும். சில்லர் இயந்திரம் வைக்க வசதியில்லாத தாம்பரம் வீட்டில் அதை வாங்குவது காசைக் கரைக்கும் வேலை.

'அமானோ இறால்' பாசி தின்பதில் கில்லாடி. ஜப்பானியப் புகைப்படக் கலைஞரும் செடித் தொட்டிக் கலையை உலகமெங்கும் கொண்டுசென்றவருமான தகாஷி அமானோ பயன்படுத்தியதால் வந்த பெயர். பெண் அமானோ நம் தொட்டியிலேயே வயிறு நிறைய முட்டை சுமக்கும், ஆனால் குஞ்சு மிஞ்சாது. அதன் இளம்பருவத்துக்கு உப்புத் தண்ணீர் வேண்டும், வளர்ந்த பிறகு நன்னீர் வேண்டும். வீட்டில் பெருக்க நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது.

'கண்ணாடி இறால்' என்ற பெயரில் விற்பதில்தான் கவனம் தேவை. அவற்றில் சில, நம்மூர் ஆறு ஏரிகளில் பிடிக்கும் மேக்ரோப்ராக்கியம் வகை. சின்னதாக இருக்கும்போது சாது. வளர்ந்ததும் நீண்ட கொடுக்கு முளைத்து, தூங்கும் சின்ன மீன்களுக்கே கை வைக்கும். வாங்கும் முன் முன்னங்கால்களைப் பாருங்கள். மற்ற கால்களைவிட நீளமாக, இடுக்கி மாதிரி இருந்தால் தவிர்த்துவிடலாம். (இந்தியாவுக்கே சொந்தமான சின்ன இறாலும் உண்டு. 1918-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் பூவியே விவரித்த காரிடினா பபால்டி. பச்சை, பழுப்பு என நிறம் மாறும் இதை வெளிநாட்டுக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். நாம் ஜப்பான் இறாலைத் தேடுகிறோம்!)

கேன் தண்ணியும் போர் தண்ணியும்

செர்ரி இறாலுக்கு டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 150 முதல் 300 வரை இருந்தால் நல்லது. புறநகர் போர்களில் பல இந்த அளவை எளிதில் தாண்டிவிடும். ஒரு தெருவில் 600 காட்டும், அடுத்த தெருவில் 1,200 காட்டும். பக்கத்து வீட்டுக்காரர் இறால் வளர்க்கிறார் என்பதால் உங்கள் வீட்டுத் தண்ணீரும் ஒத்துவரும் என்று அர்த்தமில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர்தான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

சரி, கேன் தண்ணீர் சுத்தமாச்சே? சுத்தம்தான், ஆனால் ஆர்.ஓ-வில் கால்சியம், மெக்னீசியமும் சேர்ந்து போய்விடுகிறது. இறால் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போட வேண்டும். அதற்கு இந்தத் தாதுக்கள் வேண்டும். இல்லாவிட்டால் தலைக்கும் உடலுக்கும் நடுவே வெள்ளை வளையம்போல ஓடு பிளந்து, வெளியே வர முடியாமல் செத்துவிடும்.

எனவே இரண்டையும் கலப்பதுதான் வழி. போர் தண்ணீர் 900, கேன் தண்ணீர் 50 என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் கேன் ஒன்றுக்கு ஆறரை லிட்டர் போர் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 260 வரும். உங்கள் வீட்டு எண்ணுக்கு ஏற்ப அளவை மாற்றி, மீட்டரை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீரில் கால்சியத்துக்குப் பதில் சோடியம்தான் இருக்கும். டிடிஎஸ் பெரிதாகக் குறையாது, இறாலுக்கு வேண்டியதும் இருக்காது. சாஃப்ட்னருக்கு முன்பே தண்ணீர் பிடிக்க முடியுமா என்று வாட்ச்மேனிடம் கேட்டுப் பாருங்கள். சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போட்ட வாரத்தில் தொட்டித் தண்ணீரை மாற்றவே வேண்டாம். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கட்டாயம்.

கோடையில் தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறையும். தண்ணீர்தான் ஆவியாகிறதே தவிர உப்பு உள்ளேயே இருக்கிறது. குறைந்த அளவை போர் தண்ணீர் ஊற்றி நிரப்பிக்கொண்டே போனால் இரண்டு மாதத்தில் டிடிஎஸ் எங்கேயோ போய்விடும். ஆவியானதை ஈடுகட்டத் தனி கேன் தண்ணீர், வாரம் ஒருமுறை கொஞ்சம் மாற்றும்போது கலவைத் தண்ணீர். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் ஆறு மாதம் நன்றாக இருந்த தொட்டிகள்கூடத் திடீரென்று காலியாகின்றன.

கொல்லும் கொசு மருந்து

சென்னைக்காரர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். வீட்டில் செருகி வைக்கும் கொசு விரட்டி, கரப்பான் ஸ்ப்ரே, தெருவில் அடிக்கும் புகை மருந்து ஆகியவற்றில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை ரசாயனங்கள் இருக்கும். மனிதர்களைவிடப் பூச்சிகளுக்குப் பல மடங்கு விஷமானவை இவை. இறாலோ பூச்சிக்கு நெருங்கிய உறவு! போதாக்குறைக்கு, தொட்டிக்குக் காற்று தரும் ஏர் பம்ப், அறையில் இருக்கும் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது.

தொட்டி இருக்கும் அறையில் கொசு விரட்டி, ஸ்ப்ரே இரண்டும் கூடாது. கொசு வலைக்கு மாறிக்கொள்ளலாம். தெருவில் புகை வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தி, தொட்டியை மூடி, பம்பை அரை மணி நேரம் நிறுத்திவையுங்கள். நாய்க்கு உண்ணி மருந்து தடவிய கையைத் தண்ணீரில் விடாதீர்கள். மீன் நோய்க்கு விற்கும் சில மருந்துகளில் தாமிரம் இருக்கும். மீன் பிழைக்கும், இறால் பிழைக்காது. கீரை, வெள்ளரி போடுவதாக இருந்தால் நன்றாகக் கழுவி, வெந்நீரில் போட்டு எடுத்து ஆறிய பிறகு போடலாம்.

இறால் விடும் முன் ஒரு மாதம்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி 50 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். தொடங்க இது போதும். சின்னக் கண்ணாடி ஜாடியில் வளர்ப்பதாக வரும் வீடியோக்களை நம்பி இறங்க வேண்டாம். தண்ணீர் குறையக் குறைய, வெப்பமும் உப்பும் வேகமாக ஏறி இறங்கும்.

மோட்டார் ஃபில்டர் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். விலை குறைந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரே சிறந்தது, அதன்மேல் படியும் அழுக்கே குஞ்சுகளுக்குச் சாப்பாடு. ஜாவா பாசி ஒரு கைப்பிடி. இவற்றைப் போட்டுவிட்டு நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருக அவ்வளவு நாள் ஆகும். இந்தக் காத்திருப்பில்தான் வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை வரும்.

பாதாம் மரத்தின் காய்ந்த இலையை வெளிநாடுகளில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். நம் தெருவில் அது குப்பையோடு போகிறது. வாகனப் புகையும் மருந்தும் படாத இடத்தில் பழுத்து விழுந்த இலையை எடுத்து, கழுவி, காயவைத்துப் போட்டால் இறால் அதன் நரம்பு மட்டும் மிஞ்சும்வரை மேயும்.

வாங்கி வந்ததும் கவரைக் கிழித்துக் கொட்டக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் செட் குழாயை வைத்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கவர் தண்ணீரில் சேர்க்க வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, வலையில் இறாலை மட்டும் எடுத்து விட வேண்டும். பத்து முதல் இருபது இறால்களோடு தொடங்கலாம். அவற்றோடு கப்பி மீனைச் சேர்த்தால் குஞ்சுகள் அதற்கு விருந்து. தங்க மீனோ பெரிய இறாலையே தின்னும்.

இரண்டு நாள் கழித்து அடியில் வெள்ளையாக ஒரு 'பிணம்' கிடந்தால் பதற வேண்டாம். உள்ளே வெறுமையாக, கண்ணாடிபோல இருந்தால் அது கழற்றிப் போட்ட ஓடு. அப்படியே விடுங்கள். இறாலே அதைத் தின்று சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

வயிற்றில் முட்டை

பெண் இறால் பெரிதாக, நிறம் அடர்ந்து, வயிறு வளைந்து இருக்கும். ஆண் சின்னது, ஒல்லி, மங்கல். பெண்ணின் தலைக்குப் பின்னால் மஞ்சளாகச் சேணம் வைத்ததுபோலத் தெரிந்தால் முட்டை தயாராகிறது என்று பொருள். அது ஓடு கழற்றியதும் தண்ணீரில் வாசனை பரவும். அன்று ஆண்கள் எல்லாம் தொட்டி முழுக்கக் கிறுக்குப் பிடித்ததுபோல நீந்தும். பிறகு முட்டைகள் வயிற்றுக்கடியில் வந்துவிடும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 20, 30 முட்டைகள். கால்களால் விசிறிக்கொண்டே மூன்று, நான்கு வாரம் சுமக்கும். வெளிவரும் குஞ்சு, அம்மாவின் மிகச்சிறிய நகல். தனி இரை, தனித் தொட்டி எதுவும் வேண்டாம். இரண்டு, மூன்று மாதத்தில் அதுவே அடுத்த தலைமுறைக்குத் தயார்.

சிவப்பையும் நீலத்தையும் ஒரே தொட்டியில் விட ஆசை வரும். விட்டால் சில தலைமுறையில் பழையபடி பழுப்பு நிறத்துக்கே திரும்பிவிடும். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம். மங்கலாகப் பிறப்பவற்றை அவ்வப்போது பிரித்து வேறு தொட்டியில் விட்டால் நிறம் கூடிக்கொண்டே வரும்.

வெயிலுக்கு வருவோம். இந்த இறால் விரும்புவது 22 முதல் 26 டிகிரி. மே மாதம் தாம்பரத்துத் தொட்டியில் தண்ணீர் 30-ஐ எளிதில் தாண்டும். அப்போது ஆக்சிஜன் குறையும், முட்டையை உதறிவிடும் பெண்களும் உண்டு. வெப்பம் ஏற ஏற ஆண் குஞ்சுகளே அதிகம் வருவதாக ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, மேற்குச் சுவர் இரண்டையும் தவிர்த்து, தண்ணீர்ப் பரப்பின்மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். ஐஸ் பாட்டில் வேண்டாம், திடீர் ஏற்ற இறக்கம் இன்னும் மோசம். இனப்பெருக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் நவம்பரில் இறால் விடுவதுபோலத் திட்டமிடுங்கள். பிப்ரவரி வரை சென்னை உங்கள் பக்கம்.

அதே மாதங்கள்தான் மழைக்கும் மின்வெட்டுக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர் முதல் பள்ளிக்கரணை வரை பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றை அக்டோபரிலேயே வாங்கி வைத்துவிடலாம். கரன்ட் இல்லாத நாளில் இரை போடாதீர்கள். இலையையும் பாசியையும் மேய்ந்தே இறால் சமாளித்துக்கொள்ளும்.

நூறு ஆன பிறகு?

எல்லாம் சரியாக நடந்தால் பத்து இறால் சில மாதத்தில் நூறாகும். அப்போது வரும் யோசனை, "பாவம், ஏரியில விட்டுடலாம்." வேண்டவே வேண்டாம். ஹவாய் தீவின் ஓடைகளிலும், ஜெர்மனியில் ஆலைக் கழிவால் வெதுவெதுப்பாக ஓடும் ஓடையிலும் இந்தச் சின்ன இறால் குடியேறிவிட்டது. ஜெர்மனியிலாவது குளிர் ஒரு தடை. இங்கே அதுவும் இல்லை. தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கி, அலுத்ததும் ஏரியில் விட்ட சக்கர் மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் செய்யும் அட்டகாசம் நமக்குத் தெரியாததல்ல. சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் கடைசியில் போய்ச் சேருவது 2022-ல் ராம்சார் தலமான பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு.

கூடுதல் இறாலை நண்பர்களுக்குக் கொடுக்கலாம். உள்ளூர்க் கடைக்காரர்கள் சிலர் இரைப் பாக்கெட்டுக்கு மாற்றாகவே வாங்கிக்கொள்வார்கள். தாம்பரம் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த இறால், தூரத்திலிருந்து கவரில் பயணம் செய்து வந்ததைவிட இங்கே நன்றாகத் தாக்குப்பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். வாங்கப் போகிறவர்களும் கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: "அண்ணே, இது எங்க பிறந்தது?"