குலம் சேர்ந்த கன்று

வழி தவறிய பிராணியொன்றை அதன் இயற்கையான இருப்பிடத்தில் கொண்டு சேர்ப்பதென்றால், வனவிலங்கை வனத்திலும் கடல்வாழ் உயிரைக் கடலிலும் விட்டுவிடுவதோடு கடமை தீர்ந்தது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் கூட்டமாக வாழும் ஜீவன்களுக்கு நீரும் நிலமும் மாத்திரம் இருப்பிடமாகிவிடா; உடன் சென்று இரை தேடவும், ஆபத்தில் அருகே நிற்கவும், இளம் பிராயத்தில் வாழும் வகையைக் கற்பிக்கவும் பந்துக்கள் எங்கே உண்டோ அங்கேதான் அவை வாழ முடியும். இவ்வுண்மையை ஐயமறப் புலப்படுத்தியது, 2002-ஆம் ஆண்டில் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் தனித்துத் திரிந்த ஓர் ஓர்க்காக் கன்றின் வரலாறு.

அவ்வாண்டு ஜனவரி மாதத்தில், சியாட்டில் நகருக்கு அருகிலுள்ள வாஷோன் தீவை ஒட்டி, பயணிகளின் பெரும்படகுகள் போய்வரும் நீர்ப்பரப்பில், ஏறக்குறைய இரண்டு வயதுள்ள பெண் கன்று ஒன்று காணப்பட்டது. கொலைத் திமிங்கிலம் என்ற கொடிய பெயரைச் சுமந்திருந்தாலும், ஓர்க்கா உண்மையில் டால்ஃபின் குடும்பத்தின் மிகப் பெரிய உறுப்பினரே. அக்கடலில் சால்மன் மீனை உண்டு வாழும் ஓர்க்காக் கூட்டங்களில் ஆணாயினும் பெண்ணாயினும் ஆயுள் முழுவதும் தாயை விட்டுப் பிரிவதில்லையாதலால், பால்குடி மறக்கும் பருவத்துக் குட்டி ஒன்று தன்னந்தனியே படகுகளின் அருகில் வந்து மிதந்ததைக் கண்டவர்கள் திகைத்துப் போயினர்.

அது யாருடைய கன்று? இந்தக் கேள்விக்கு விடையளித்தது அதன் குரலே. ஒவ்வொரு ஓர்க்காக் கூட்டத்துக்கும் தனக்கே உரிய சில ஒலிகள் உண்டு என்பதையும், அவற்றைக் குட்டிகள் பிறவியிலேயே கொண்டுவராமல் தாயிடமிருந்தும் சுற்றத்திடமிருந்தும் கற்றுக்கொள்கின்றன என்பதையும் கனடா நாட்டு விஞ்ஞானி ஜான் ஃபோர்டு முதலியோர் பல்லாண்டு ஆராய்ச்சியால் நிலைநாட்டியிருந்தனர். நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவு செய்து ஒப்பிட்டபோது, அப்பகுதியில் வாழும் தெற்குக் கூட்டத்தாரின் ஒலிகளோடு அக்குரல் சற்றும் பொருந்தாமல், பல நூறு கிலோமீட்டர் வடக்கே பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலில் வாழும் ஏ-4 என்ற கூட்டத்தின் வழக்கோடு இசைந்திருந்தது. கண்ணருகே உள்ள வெள்ளைத் திட்டின் வடிவத்தையும் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, இது ஏ-73 என்று எண்ணிடப்பட்ட, ஸ்பிரிங்கர் என்ற பெயருடைய கன்றே என்று அறுதியிட்டனர். அதன் தாய் முந்திய ஆண்டிலிருந்தே தென்படாததால் இறந்துவிட்டதாகக் கருதப்பட்டது.

அனாதையான அக்கன்றின் நிலையோ நாளுக்கு நாள் மோசமாகியது. உடல் மெலிந்து, தோலில் நோய் படர்ந்து, குடலில் புழுக்கள் மலிந்திருந்தன. உணவு போதாத உடல் தன் கொழுப்பையே எரித்துக்கொள்ளும்போது எழும் அசிட்டோன் வாடை அதன் மூச்சில் வீசியது. துணையில்லாத ஏக்கத்தால் அது மிதக்கும் மரக்கட்டைகளின்மேலும் படகுகளின்மேலும் உடலை உராய்ந்துகொண்டிருந்தமையால், இயந்திரத்தின் சுழலலகில் சிக்கி மடியும் அபாயமும் இருந்தது. காட்சிச்சாலையில் வைத்துக் காப்பாற்றலாம் என்றும், இயற்கையின் போக்கில் விட்டுவிடலாம் என்றும் இருவேறு யோசனைகள் எழுந்தன. அவ்விரண்டையும் விலக்கி, அதைச் சொந்தக் குலத்தாரிடமே சேர்ப்பிக்கும் அரிய பிரயத்தனத்தை அமெரிக்க, கனடா அரசுகளின் மீன்வளத் துறையினரும் வான்கூவர் மீன்காட்சியகத்தாரும் தொண்டர்களும் ஒன்றுகூடி மேற்கொண்டனர்.

ஜூன் மாத நடுவில் அதைப் பத்திரமாகப் பிடித்து, கரையோரக் கடலிலேயே அமைத்த வலைக்கூண்டில் ஒரு மாதம் வைத்துச் சிகிச்சை அளித்தனர். இரையை மனிதரோடு சம்பந்தப்படுத்திப் பழகிவிட்டால் விடுதலைக்குப் பின் அப்பழக்கமே அதற்கு யமனாகும் என்பதை உணர்ந்து, இயன்ற வரையில் மனித முகம் காட்டாமலே அதைப் பேணினர். உடல் தேறியபின், ஜூலை 13-ஆம் நாள், விரைவுப் படகொன்றில் ஏற்றி, ஜான்ஸ்டன் ஜலசந்தியருகே ஹேன்சன் தீவின் ஒதுக்கமான விரிகுடாவுக்குக் கொண்டு சென்றனர். அந்நீர்ப்பரப்புக்கு உரியவர்களான நம்கிஸ் பழங்குடியினர், சால்மன் மீன்களைப் பிடித்து அங்கிருந்த வலைக்கூண்டில் நிரப்பி, அதனை விருந்தினர்போல் வரவேற்றனர்.

உறவினரின் கூட்டம் அருகே வந்தபோது கூண்டிலிருந்த கன்று உரத்து ஒலியெழுப்பிப் பரபரத்தது. மறுநாள் அக்கூட்டம் மீண்டும் அண்மையில் வந்த தருணம் பார்த்து வலையைத் திறந்துவிட்டனர். முதலில் சற்றே எட்டி நின்றும், பழைய வழக்கத்தால் படகுகளை நாடியும் தடுமாறிய அதனை, ஏ-51 என்னும் இளம் பெண் ஓர்க்கா படகுகளிடமிருந்து விலக்கி அழைத்துச் சென்றது. அடுத்த கோடையில் கூட்டத்தோடு கூட்டமாக அது திரும்பி வந்தது. 2013-இல் தன் குட்டியோடு தோன்றியபோது, அந்த முயற்சி முழு வெற்றியடைந்தது என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

இதற்கு நேர்மாறானது கெய்கோ என்ற ஓர்க்காவின் கதை. 1979-இல் ஐஸ்லாந்துக் கடலில் குட்டியாகப் பிடிக்கப்பட்டு, திரைப்படமொன்றால் உலகப் புகழ் பெற்று, பெரும்பொருட் செலவில் மீண்டும் ஐஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, 2002-இல் கடலில் சுதந்திரமாக உலவத் தொடங்கிய அது, எந்தக் கூட்டத்தோடும் நிலையாகச் சேராமல் நார்வே கரையில் மனிதரையே நாடி வாழ்ந்து, 2003 டிசம்பரில் இறந்தது. அதன் சொந்தக் குடும்பம் எதுவென்று எவராலும் கண்டறிய இயலவில்லை. நம் தமிழகத்து மணப்பாடு கடற்கரையில் 1973-இல் 147 குறுந்துடுப்புத் திமிங்கிலங்கள் ஒருசேரக் கரையொதுங்கியதும், 2016-இல் அதே கரையோரத்தில் மீனவர்கள் அரும்பாடுபட்டுக் கடலுக்குள் தள்ளியவற்றுள் சில மறுபடியும் கரையை நாடியதும், அவ்வகைப் பிராணிகளைப் பிணைத்திருக்கும் சுற்றத்தொடர்பின் வலிமையை எண்ணச் செய்கின்றன.

ஸ்பிரிங்கர் பிழைத்ததற்குக் காரணம் ஒரு கோடைக்கால உழைப்பு மட்டும் அன்று. 1970-களின் தொடக்கத்தில், காட்சிச்சாலைகளுக்காக ஓர்க்காக்கள் பிடிக்கப்பட்டு வந்த காலத்தில், எஞ்சியவை எத்தனை என்று அறியப் புறப்பட்ட மைக்கேல் பிக் என்ற விஞ்ஞானி, முதுகுத் துடுப்பின் வடுக்களையும் அதன் பின்னுள்ள சாம்பல்நிறத் திட்டையும் கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டு பதியத் தொடங்கினார். அவருக்குப் பின்னும் இடைவிடாது வளர்ந்த அந்த வம்சாவளி ஏடு இல்லாதிருந்தால், கருணை நிறைந்த கைகள் ஆயிரம் இருந்தும், கன்றை எங்கே கொண்டு விடுவதென்று தெரியாமல் தவிக்க நேர்ந்திருக்கும். ஆகவே, நம் கரைகளிலும் காடுகளிலும் வாழும் உயிர்களைக் காப்பாற்ற விரும்புவோர், ஆபத்து நேரும்வரை காத்திராமல், அவற்றின் உறவையும் வழக்கத்தையும் இன்றே கிரமமாகக் கண்டறிந்து எழுதிவைக்க வேண்டும். அந்தப் பொறுமையான அறிவே ஆபத்துக் காலத்தில் கருணைக்கு வழிகாட்டும்.