ஒரே ஒரு எண்ணுக்காக 47 வருஷம்: யார் இந்த கீலிங்?

காலநிலை விஞ்ஞானி என்றதும் அன்டார்க்டிகா பனியும் ஐ.நா. மாநாட்டு மேடையும்தான் கண்முன் வரும். ஆனால், அமெரிக்கரான சார்லஸ் டேவிட் கீலிங் தன் கரியர் முழுக்கச் செய்தது, காற்றில் எவ்வளவு கார்பன் டை ஆக்ஸைடு இருக்கிறது என்று அளந்ததுதான். தினமும். வருடக்கணக்கில். கேட்கவே போரடிக்குது இல்லையா?

வேதியியலில் பிஎச்டி முடித்தவருக்கு ரசாயன நிறுவனங்களில் வேலை காத்திருந்தது. மலை, காடு என்று சுற்றப் பிடிக்கும் என்பதால் அதை விட்டுவிட்டு புவி அறிவியல் பக்கம் வந்தார். 1956-ல் கலிஃபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1958 மார்ச்சில் ஹவாய் தீவின் மௌனா லோவா எரிமலையில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் அவருடைய கருவி ஓடத் தொடங்கியது. முதல் அளவு 313 பிபிஎம். அதாவது, பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் 313 கார்பன் டை ஆக்ஸைடு.

மே வரை எண் ஏறியது, பிறகு இறங்கியது. கருவியில் கோளாறா? இல்லை. வட அரைக்கோளத்தின் செடி கொடிகள் கோடையில் துளிர்த்து வாயுவை உறிஞ்சுகின்றன; பின்னர் இலை உதிர்ந்து மக்கும்போது அது திரும்ப வெளியேறுகிறது. அடுத்த வருடமும் அதே ஏற்ற இறக்கம்தான், ஆனால் மொத்தமாகக் கொஞ்சம் மேலே. நாம் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும் அதில் தெரிந்தன.

இவ்வளவு பெரிய விஷயம், பணம் கொட்டியிருக்கும்னுதானே நினைப்பீங்க? 1964-ல் நிதி வெட்டால் மௌனா லோவாவில் சில மாதங்கள் அளவீடே நின்றுபோனது. அந்த இடைவெளி வரைபடத்தில் இன்றும் இருக்கிறது. விட்டதைப் பிறகு எழுத இது அரியர் பேப்பர் இல்லை. அந்த மாதத்துக் காற்று போனது போனதுதான். 1970-களில், 'இது ஆராய்ச்சியா, ரொட்டீன் கண்காணிப்பா?' என்று நிதி தருபவர்கள் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் கீலிங் மல்லுக்கட்டினார். 1998-ல் அவர் எழுதிய தன்வரலாற்றுக் கட்டுரையின் தலைப்பே, பூமியைக் கண்காணிப்பதன் வெகுமதிகளும் தண்டனைகளும்!

2005-ல் அவர் இறந்தபோது எண் சுமார் 380. இப்போது அளவீட்டைத் தொடர்வது அவர் மகன் ரால்ஃப் கீலிங். 2022 நவம்பரில் எரிமலைக் குழம்பு மலைச் சாலையையும் மின்கம்பிகளையும் துண்டித்தபோது, பக்கத்து மலையான மௌனா கியாவில் கருவி வைத்து அளந்தார்கள்.

2025 மே மாத சராசரி 430-ஐத் தாண்டியது. அதே வருடம் அமெரிக்க அரசு முன்வைத்த 2026 பட்ஜெட் திட்டத்தில், மௌனா லோவா ஆய்வகத்துக்கான நிதியை நிறுத்தும் யோசனையும் இருந்தது.