கோடு நகர்ந்தால் காப்பீடு கட்டாயம்

ஆறு இருந்த இடத்தில்தான் ஓடுகிறது. ஆனால், அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா வெள்ள வரைபடத்தைத் திருத்தும்போது, சில பண்ணை வீடுகள் புதிதாக அபாயப் பகுதிக்குள் வந்துவிடுகின்றன. அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் வெள்ளக் காப்பீடு கட்டாயம். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குச் செல்லாது.

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. ஆண்டுக்கு 1 சதவிகித வாய்ப்பு என்பதே பொருள்; 30 ஆண்டுக் கடன் முடிவதற்குள் அது 26 சதவிகிதம்!

வீடு இயற்கையாகவே மேட்டில் இருந்தால், சர்வேயரை வைத்து மட்டம் அளந்து, விலக்குக் கேட்டு ஃபெமாவுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. சர்வேயர் செலவு உண்டு. மேகம் கறுத்த பிறகு பாலிசி எடுக்க ஓடிப் பயனில்லை. வழக்கமாக 30 நாள் கழித்தே அமலுக்கு வரும். வரைபடம் மாறிப் புதிதாகச் சிக்கியவர்கள் 13 மாதங்களுக்குள் எடுத்தால் ஒரே நாள்தான். வயலில் நிற்கும் பயிர் இதில் சேராது. அதற்குப் பயிர்க் காப்பீடு தனி.