நீர் புகாப் பொத்தான்

பள்ளி விடுமுறை ஒன்றில் போர்ட்டிக்சன் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். பிள்ளைகள் பாட்டுக் கேட்பதற்கென்று கொண்டுவந்திருந்த கையடக்க ஒலிபெருக்கியை அலை ஒன்று நனைத்துப் போயிற்று. நீர் புகாதது என்று அதன் அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருந்தமையால் எவரும் கவலைப்படவில்லை. பத்து நாள் அது நன்றாகவே பாடிற்று. பதினோராம் நாள் இரவு, எவரும் தொடாமலேயே ஒலி தானாகக் கூடிக்கொண்டு போய், அண்டை வீட்டார் வந்து கதவைத் தட்டும்படி ஆயிற்று. மறுநாள் பிரித்துப் பார்த்தேன். பெட்டியின் மூட்டுவாய்கள் யாவும் உலர்ந்தே இருந்தன. ஒலியைக் கூட்டும் பொத்தானின் அடியில் மட்டும் பச்சை நிறத்தில் உப்புப் பூத்திருந்தது. பொத்தானை மூடியிருந்த ரப்பர்த் தோலின் ஒரு மூலையில், மயிரிழை போன்ற கிழிசல்.

பெட்டியின் இரு பாதிகளை நீருக்கு அடைப்பது அவ்வளவு கடினமன்று. இடையே ரப்பர் வளையத்தை வைத்துத் திருகாணியால் இறுக்கினால் போதும், அவை அசைவதில்லை. பொத்தானோ அசைவதற்கென்றே அமைந்தது. விரலின் அசைவை அது உள்ளே விடவேண்டும், நீரை விடலாகாது. மிக நுண்ணிய இடுக்காயினும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல நீர் அதனுள் ஏறிவிடும்.

உள்ளே சென்ற கடல்நீர் செய்யும் கேடு உடனே தெரிவதில்லை. சுவிட்சின் இரு முனைகளுக்கிடையே மூன்று வோல்ட் அளவு மின்னழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். நடுவே உப்புநீர் இருப்பின், நேர்முனையிலுள்ள செம்பு சிறுகச் சிறுகக் கரைந்து எதிர்முனையில் போய்ப் படியும். நீர் வற்றினாலும் உப்பு தங்கிவிடுகிறது. நம் நாட்டு இரவுகளின் ஈரக்காற்றை அவ்வுப்பு உறிஞ்சிக்கொண்டு மீண்டும் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். அதைக் கருவி, எவரோ பொத்தானை அமுக்குவதாக எண்ணிக்கொள்கிறது. எங்கள் பதினோராம் நாள் இரவுக்குக் காரணம் இதுவே.

சோனி நிறுவனம் 1979-ஆம் ஆண்டில் முதல் வாக்மனை வெளியிட்டபோது அது மழைக்கு அஞ்சும் கருவியாகவே இருந்தது. 1983-இல் மஞ்சள் நிறத்தில் விளையாட்டு வாக்மன் வந்தது. அது நீர்த்தெறிப்பைத் தாங்கியதேயன்றி, மூழ்குவதற்கு உரியதன்று. அதற்குப் பின் வந்த எண்ணற்ற கருவிகளில் பொத்தானும் சுற்றியுள்ள தோலும் ஒரே வார்ப்பாக அமைகின்றன. விரல் தோலை வளைக்கிறது. தோலின் அடியிலுள்ள சிறிய எஃகுக் குமிழ் மடங்கி மின்சுற்றை மூடுகிறது. நாம் கேட்கும் 'டிக்' என்னும் ஓசை அக்குமிழினுடையது. ஆகவே சுவரில் துளையே தேவையில்லை.

இத்தோல் இழுபடாமல் வளையவேண்டும். அதற்காகவே பொத்தானைச் சுற்றி ஓர் அலைமடிப்பு வைப்பர். மூலைகள் கூராக இருப்பின் அங்குதான் கிழியும். ரப்பர்த் தோட்டங்களிடையே வாழ்ந்த நமக்கு, இது மரத்துப் பாலிலிருந்து வந்ததா என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலும் அன்று. இயற்கை ரப்பர் வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் வெடித்துப்போவதால், வெளித்தோலுக்கு சிலிக்கோன் ரப்பரையே பலரும் நாடுவர். ஆனால் கிழிசலைத் தாங்கும் வலிமையில் நம் தோட்டத்து ரப்பரே மேலானது! சிலிக்கோனில் ஒரு கீறல் விழுந்தால் அது எளிதில் நீண்டுவிடும்.

வேறு இரண்டு பகைகளை வாங்குவோர் நினைப்பதில்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் நீர் ஏறத்தாழ 100 கிராம் எடைக்கு அழுத்துகிறது. இரண்டு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பொத்தானின் மீது அது 200 கிராம் ஆகும். சிறு சுவிட்சுகள் பலவற்றை அமுக்க 160 கிராம் போதும். அஃதாவது விரல் படாமலேயே நீர் பொத்தானை அமுக்கிவிடும். எனவே ஆழத்துக்குரிய பொத்தான் சிறிதாகவோ கடினமாகவோ இருத்தல் வேண்டும்.

மற்றொன்று வெப்பம். வெயிலில் 35 பாகையில் கிடந்த கருவி 25 பாகை நீரில் விழுந்தால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து அதன் அழுத்தம் நூற்றுக்கு மூன்று பங்கு குறைகிறது. சிறிதுதானே என்று தோன்றலாம். அது 33 சென்டிமீட்டர் ஆழத்து நீரின் அழுத்தத்துக்குச் சமம்! நீரின் மேலே மிதந்தாலும், கருவியே நீரை உள்ளே உறிஞ்சும். காற்றை விட்டு நீரைத் தடுக்கும் நுண்துளைச் சவ்வு ஒன்றைச் சுவரில் ஒட்டுவதே இதற்கு மருந்து.

தொடுதிரை போல வெறும் தொடுகையால் இயங்கும் பொத்தான் வைத்தால் என்ன? நீர்த்துளியையும் அது விரலென்று மயங்கும். முக்குளிப்போரின் கைவிளக்குகளில் வேறொரு வழி உண்டு. வெளியே காந்தம் பதித்த நகர்த்தி. உள்ளே, 1936-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் வால்ட்டர் எல்வுட் உருவாக்கிய வகையைச் சேர்ந்த, கண்ணாடிக் குழாயில் அடைத்த இரு இரும்புக் கலவைத் தகடுகள். காந்தம் அருகே வந்ததும் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். சுவரைக் கடப்பது காந்தப் புலம் மட்டுமே. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. ஆனால் ஒலிபெருக்கியினுள் ஏற்கெனவே வலிய காந்தம் ஒன்று இருக்கிறதே! அதன் அருகில் இச்சுவிட்சு ஏமாறாதபடி இடம் தேர்வது எளிதன்று. கடற்கரையின் கருமணலும் காந்தத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அட்டையில் காணும் 'ஐபிஎக்ஸ் 7' என்பது, ஒரு மீட்டர் நன்னீரில் 30 நிமிடம் மூழ்கவைத்துச் செய்யும் சோதனையைக் குறிக்கிறது. உப்பையோ, சவர்க்காரத்தையோ, ஆயிரமாயிரம் முறை அமுக்கித் தேய்ந்த தோலையோ அது குறிப்பதில்லை. கடலில் நனைந்த கருவியைக் குழாய்நீரில் மெல்லக் கழுவி, முற்றும் உலரும்வரை பொத்தான்களைத் தொடாமலும் மின்னேற்றாமலும் வைப்பது நன்று.

எங்கள் ஒலிபெருக்கிக்கு மாற்றுத் தோல் தனியே கிடைக்கவில்லை. உப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அப்பொத்தானின் கம்பியையும் வெட்டிவிட்டேன். இப்போது ஒலியைக் கைப்பேசியிலிருந்தே கூட்டிக் குறைக்கிறோம்.